மருந்துக்கும் கூட்டுறவு வேண்டும்

தருமபுரி ஜில்லாவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியிலே, 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ந் தேதி வீரர் சுப்பிரமணிய சிவா உயிர் நீத்தார். ராஜத் துவேஷக் குற்றஞ் சாட்டப்பட்டு 1908-இல் சிறை புகுந்த அவர், 1912-இல் வெளிவந்தபோது தொழுநோயையும் சுமந்து வந்தார். ரயிலேறலாகாதென்று சர்க்கார் தடுத்தும், கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராய்ச் சென்று அவர் தேசத்தொண்டு புரிந்தமை தமிழர் அறிந்ததே.

அவர் சிறை புகுந்த அதே 1908-இல், ஜெர்மனியிலே ரசாயன சாஸ்திரிகள் இருவர் 'டாப்ஸோன்' என்னும் பொருளை ஆக்கினர் என்பதைப் பலர் அறியார். அது கிருமிகளை ஒடுக்கவல்லது என்பது 1937-இல்தான் விளங்கிற்று. தொழுநோயாளருக்கு அது பயன்பட்டதோ 1940-களில். அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அம்முயற்சியில் முன்னின்றோருள் ஒருவர்.

இருபத்தொன்பது வருஷம் அப்பொருள் வாளா கிடந்ததேன்? ஆக்கியவர் வைத்தியரல்லர், வைத்தியரோ அதை அறிந்தாரல்லர். கிருமிகளுக்கு மருந்து காணும் முறையும் அன்று இளம்பருவத்தில் இருந்தது. ஆதலின், சாஸ்திரிகள் கலந்து பேசியிருந்தால் சிவா பிழைத்திருப்பார் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆயினும், ஒருவர் கையிலுள்ளது மற்றவர் கண்ணுக்குத் தெரியாதிருப்பதனால் நோயாளிக்கு நேரும் நஷ்டம் எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பின்னர் நடந்ததும் கவனிக்கத்தக்கது. டாப்ஸோன் தனித்து நின்றபோது, கிருமிகள் அதனை எதிர்த்து நிற்கப் பழகின. 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அதனுடன் ரிபாம்பிசினையும் குளோபாசிமினையும் சேர்த்தளிக்கும்படி கூறிற்று. கூட்டு மருந்தினால் ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ நோய் குணமாகிறது. மருந்துக்கே கூட்டுறவு வேண்டுமாயின், மருந்தை ஆராய்வோருக்கு வேண்டாமா?

சிவா மறைந்த ஊருக்கு அருகே, தருமபுரியில், 2008-இல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி தோன்றியது. இத்தகைய கல்லூரிகளிலும் சர்வகலாசாலைகளிலும் மருந்தியல் போதிக்கும் ஆசிரியர்கள் தத்தம் அறைக்குள் தனித்தனியே கட்டுரை வரைதல் போதாது. ரசாயனம் அறிந்தவர், கிருமி அறிந்தவர், கணக்கறிந்தவர், நோயாளியின் படுக்கையருகே நிற்கும் வைத்தியர் ஆகியோருடன் அவர்கள் கைகோத்தல் வேண்டும். 2015-இல் இந்திய மருத்துவக் கவுன்சில், பதவி உயர்வுக்குக் கட்டுரையின் முதலிரண்டு ஆசிரியர்களையே மதிப்பதென விதித்தது. ஐவர் கூடி உழைத்தால் மூவர் உழைப்பு வீணென்பதன்றோ இதன் பொருள்! விதி பின்னர் மாற்றப்பட்டது. அதனைப் பெற்ற மனோபாவமும் மாறவேண்டும்.

பெயர் எத்தனையாவது வரிசையில் உளது என்று நோயாளி கேட்பதில்லை. மருந்து காலத்தில் வந்ததா என்றே கேட்கிறான். பாப்பாரப்பட்டியின் சமாதியும் அதையே கேட்கிறது.