பேரப்பிள்ளையின் அணையாடைத் துணியைச் சுத்தமாகத் துவைப்பது எப்படி?

வீட்டில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் கொடியெல்லாம் அதன் துணிதான். மகளோ மருமகளோ பிரசவம் முடிந்து ஓய்வில் இருப்பார். மகனோ மருமகனோ வேலைக்குத் திரும்பிவிடுவார். குழந்தையைக் குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, ஈரத்துணி மாற்றுவது எனப் பல வேலைகள் பாட்டி, தாத்தாவின் கைக்கு வந்து சேரும்.

உங்களில் பலருக்கு இது புதிதல்ல. லிட்டில் இந்தியாவை ஒட்டியுள்ள கந்தாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டு மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. அதாவது, நாளொன்றுக்கு நூறு குழந்தைகளுக்கும் மேல். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை என்று நாம் இன்று அறிவது அதே மருத்துவமனைதான். அந்தக் காலத்துக் குழந்தைகள் பெரும்பாலும் துணியில்தான் வளர்ந்தார்கள். பழைய வேட்டி, நைந்த பருத்திச் சேலை எல்லாம் கோவணத்துணியாக மாறும்.

பின்னர் ஒருமுறை பயன்படுத்தி வீசும் அணையாடைகள் வந்தன. எந்த நிறுவனம் தயாரித்தாலும் அவற்றை நாம் 'பேம்பர்ஸ்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இப்போது செலவைக் குறைக்கவும் குப்பையைக் குறைக்கவும் சில இளம் பெற்றோர் மீண்டும் துணிக்குத் திரும்புகின்றனர். வேறு சிலர் பகலில் துணியும் இரவில் பேம்பர்ஸும் பயன்படுத்துகின்றனர். எதைத் தேர்ந்தெடுத்தாலும் குழந்தைக்கு நல்லதே. ஆனால் துணியைத் தேர்ந்தெடுத்தால் அதை முறையாகத் துவைக்க வேண்டும், முறையாக எடுத்து வைக்கவும் வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்?

"பச்சைக் குழந்தையின் மலத்தில் என்ன அசுத்தம் இருக்கப் போகிறது?" என்று சிலர் கேட்பதுண்டு. குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அதன் மலத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். கை, கால், வாய்ப்புண் நோய் கண்ட குழந்தை குணமடைந்து விளையாடத் தொடங்கிய பிறகும், அந்தக் கிருமி சில வாரங்கள்வரை மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும்.

துணியிலிருந்து கைக்கு, கையிலிருந்து கதவுப் பிடிக்கு, அங்கிருந்து சாப்பாட்டுக்கு எனக் கிருமி பயணம் செய்கிறது. வீட்டில் மூத்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குத் தொற்றலாம். உங்களுக்கும் தொற்றலாம். நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ள மூத்தோர் வயிற்றுப்போக்கால் விரைவில் நீர்ச்சத்து இழந்து சோர்ந்துவிடுவார்கள். குழந்தையின் நலனுக்காக மட்டுமல்ல, உங்கள் நலனுக்காகவும்தான் இந்தக் கவனம்.

அழுக்குத் துணியை எடுத்தவுடன்

1. முதலில் குழந்தையைச் சுத்தம் செய்து, பாதுகாப்பான இடத்தில் படுக்க வையுங்கள். துணி சற்று நேரம் காத்திருக்கலாம். உயரமான மேசையிலோ கட்டிலிலோ குழந்தையைத் தனியே விட்டு நகராதீர்கள்.

2. மலத்தைக் கழிவறைத் தொட்டியில் தட்டிவிட்டு நீர் ஊற்றுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் இளகி இருக்கும், அலசினாலே போய்விடும். திட உணவு தொடங்கிய பிறகு அது கெட்டியாகும். அப்போது கழிவறைத் தண்ணீர்க் குழாயால் மெதுவாகப் பீய்ச்சி அகற்றுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் துளிகள் முகத்திலும் சுவரிலும் தெறிக்கும்.

3. குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். தொடக்கத்திலேயே வெந்நீர் ஊற்றினால் கறை துணியில் படிந்துவிடும்.

4. அலசிய துணியைப் பிழிந்து, மூடியுள்ள வாளியில் தண்ணீர் இல்லாமல் போட்டு வையுங்கள். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஆனால் நம் ஊர் வெப்பத்தில் அந்தத் தண்ணீரில் கிருமிகள் பெருகும், துணியும் நாறும்.

5. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இதைத் தவற விடாதீர்கள். கைச் சுத்திகரிப்பு திரவம் மட்டும் போதாது. வயிற்றுப்போக்குக் கிருமிகள் சில அதற்கு எளிதில் சாவதில்லை.

தண்ணீர் நிறைந்த வாளியால் இன்னோர் ஆபத்தும் உண்டு. தவழும் குழந்தை, நடை பழகும் குழந்தை வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. சில சென்டிமீட்டர் ஆழமுள்ள தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடும், சத்தம்கூடக் கேட்காது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். குளியலறைக் கதவை மூடி வையுங்கள்.

அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

கழிவறையில் மட்டுமே ஊற்றுங்கள். தாழ்வாரத்து ஓரத்திலோ கீழ்த்தளத்திலோ உள்ள மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். சிங்கப்பூரில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் வெவ்வேறு பாதைகள். கழிவறைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. மழைநீர்க் கால்வாய்களில் பல நீர்த்தேக்கங்களுக்குச் செல்கின்றன.

தோபி காட் என்ற பெயர் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கே ஓடிய ஓடையில் ஊரார் துணியைத் துவைத்தார்கள். அந்த ஓடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாய். அதன் நீர் மரினா நீர்த்தேக்கத்தில் சேருகிறது. அன்று துணி துவைத்த தண்ணீர் இன்று நாம் குடிக்கும் தண்ணீரின் ஒரு பகுதி.

ஈரமான துடைப்புத் தாள்களைக் கழிவறைத் தொட்டியில் போடாதீர்கள். அவை கரையாமல் குழாயை அடைத்துவிடும். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

துவைக்கும் முறை

அணையாடைத் துணிகளை ஓரிரு நாளுக்குள் துவைத்துவிடுங்கள். மற்றவர்களின் உடைகளுடன், குறிப்பாகச் சமையலறைத் துணிகளுடன் சேர்க்காதீர்கள். சலவை இயந்திரத்தில் முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். பிறகு சலவைத்தூள் போட்டு முழுமையாகத் துவையுங்கள். இயந்திரத்தில் வெந்நீர் வசதி இருந்தால் 60 டிகிரி செல்சியஸில் துவைப்பது நல்லது. கடைசியில் இன்னொரு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். சவர்க்காரம் துணியில் தங்கினால் குழந்தையின் தோல் சிவந்துவிடும்.

பல வீடுகளில் உள்ள இயந்திரங்களில் குளிர்ந்த தண்ணீர் மட்டுமே வரும். கவலை வேண்டாம். இயந்திரத்தை நெருக்கி நிரப்பாமல், போதிய தூள் போட்டு, முழுச் சுற்றும் ஓடவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்தால் அன்றாடத் தேவைக்குப் போதும். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் காய்ந்த துணியைச் சூடாக இஸ்திரி போடுங்கள். கொதிக்கும் தண்ணீரை அடுப்பிலிருந்து குளியலறைக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். வழுக்கினால் உங்களுக்கும் காலடியில் நிற்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். அது படிந்தால் துணி ஈரத்தை உறிஞ்சாது.

பிளீச் பயன்படுத்துவோருக்கு

குளோரின் பிளீச்சை எப்போதாவது பயன்படுத்தலாம். புட்டியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். பிளீச்சுடன் கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ கலந்தால் நச்சு வாயு கிளம்பும். சிறுநீர் நிறைந்த துணியில் நேராகப் பிளீச் ஊற்றினாலும் மூச்சைத் திணறடிக்கும் வாயு வரும். முதலில் நன்றாக அலசிய பிறகே பிளீச். சன்னல் திறந்திருக்கட்டும்.

காயவைப்பது

ஈரம் உள்ள துணியில் கிருமியும் பூஞ்சையும் வளரும். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரப்பதம் அதிகம். ஆண்டிறுதி மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் துணி காயாது. அப்போது வீட்டுக்குள் மடக்குக் கொடியில் இடைவெளி விட்டுப் போட்டு, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் மடிப்புகளிலும் தையல் ஓரங்களிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீவக வீட்டின் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடுவது நமக்குப் பழகிய வேலைதான். ஆனால் ஈரத்துணியோடு அந்தக் கழி கனமாக இருக்கும். முழங்கால் வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் நாற்காலியின்மீது ஏறி நின்று கழியை நீட்டாதீர்கள். வீட்டில் இளையவர் யாராவது வரும்வரை காத்திருங்கள், அல்லது வீட்டுக்குள் காயவையுங்கள். கழி கீழே விழுந்தால் நடந்து செல்வோரின் உயிருக்கே ஆபத்து.

அலமாரியில் அந்துருண்டை வேண்டாம்

இந்தக் கையேட்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பேரனுக்குப் பயன்படுத்திய துணிகளைத் துவைத்து, மடித்து, அந்துருண்டை போட்டு அலமாரியில் வைத்திருப்போம். அடுத்த குழந்தை பிறந்ததும் அன்போடு எடுத்துக் கொடுப்போம். அந்த உருண்டையில் நாஃப்தலீன் என்ற வேதிப்பொருள் இருக்கலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்களை அது சிதைத்துவிடும். கடுமையான மஞ்சள்காமாலை வரும். மஞ்சள் நிறமி மூளையில் படிந்தால் குழந்தை இறக்கலாம்; பிழைத்தாலும் காது கேட்காமல் போகலாம், கை கால்கள் இயங்காமல் போகலாம்.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் இப்படிப் பல குழந்தைகளை இழந்தோம். பேராசிரியர் வோங் ஹோக் பூன் போன்ற குழந்தை மருத்துவர்கள் இந்தக் குறைபாட்டுக்கும் மஞ்சள்காமாலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். 1965ஆம் ஆண்டு தொடங்கி இங்கு பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பரிசோதிக்கப்பட்டு வருகிறது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என எல்லா இனத்தவரிடமும் இந்தக் குறைபாடு உண்டு. ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படுகிறது.

பரிசோதனை முடிவு குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் இருக்கும். பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "குறைபாடு இல்லை" என்று இருந்தாலும் குழந்தையின் துணியில் அந்துருண்டை வேண்டாம். நாஃப்தலீன் எண்ணெயில் கரையக்கூடியது. எண்ணெய் தேய்த்த குழந்தையின் தோல் வழியே அது இன்னும் எளிதாக உள்ளே போகும். அதன் வாசனையைச் சுவாசித்தாலும் கெடுதல். ஓடியாடும் பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து உருண்டையை விழுங்குவதும் உண்டு. கற்பூரத்தையும் குழந்தையின் துணிகளோடு வைக்காதீர்கள்.

அந்துருண்டையோடு இருந்த பழைய துணியைக் குழந்தைக்குப் போடாதீர்கள். வெயிலில் உலர்த்தினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். வீடு துடைக்கக்கூட வைத்துக்கொள்ளாமல் அகற்றிவிடுங்கள். தேக்காவிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் புதிய பருத்தித் துணி எளிதாகக் கிடைக்கும். நன்றாக உலர்ந்த துணிகளை இறுக மூடும் பெட்டியில் வைத்தாலே பூச்சி அண்டாது.

தொட்டில் துணியும் சாம்பிராணியும்

தொட்டில் கட்டும் சேலைக்கும் இதே விதிதான். அந்துருண்டை வாசனை வீசும் சேலையில் தொட்டில் கட்டாதீர்கள். ஈரம் பட்டால் அன்றே மாற்றுங்கள்.

துணிக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வீட்டு வழக்கம். மணமாக இருக்கும். ஆனால் புகை கிருமியைப் போக்குவதில்லை. குழந்தையின் மூச்சுக்குழாயை உறுத்தும். கிருமியைப் போக்குவது சவர்க்காரமும் தண்ணீரும் வெயிலும்தான்.

வீட்டில் உள்ள பெரியவருக்கும்

உங்கள் கணவரோ மனைவியோ படுக்கையில் இருக்கலாம். சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் இருக்கலாம். அவருடைய துணிக்கும் விரிப்புக்கும் மேலே சொன்ன முறைகளே பொருந்தும். கையுறை அணியுங்கள், துணியை உதறாதீர்கள், குழந்தையின் துணியோடு சேர்க்காதீர்கள். இரண்டு பேருக்கும் நீங்கள் ஒருவரே துணி மாற்றுவதாக இருந்தால் இடையில் கட்டாயம் கை கழுவுங்கள். இந்த வேலையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் பலதுறை மருந்தகத்தில் தாதியிடம் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

குழந்தையின் இடுப்புப் பகுதியில் சிவந்த தடிப்பு இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால், கொப்புளமோ சீழோ தெரிந்தால், மலத்தில் இரத்தம் வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றுப்போக்கோடு, வழக்கத்தைவிட மிகக் குறைவாகவே துணி நனைகிறது என்றால் அன்றே செல்லுங்கள். தினமும் துணி மாற்றும் நீங்கள்தான் இந்த மாற்றத்தை முதலில் கவனிப்பீர்கள்.

தோலோ கண்ணோ மஞ்சளாக மாறினால், குழந்தை வெளிறிப் போனால், சிறுநீர் தேநீர் நிறத்தில் இருந்தால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் தாமதிக்காமல் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். குழந்தையை எழுப்ப முடியவில்லை என்றாலோ மூச்சுத் திணறினாலோ 995ஐ அழையுங்கள். அந்துருண்டை அருகில் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல்தான் சரியான சிகிச்சையை விரைவில் தொடங்க உதவும்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியைத் திறந்து பாருங்கள். குழந்தையின் துணிகளுக்கு நடுவே வெள்ளை உருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள்.