பெரிய இடத்து ஆசையில் காதலியைக் கொன்றவன்

1906-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அடிரான்டாக் மலைக் காடுகளுக்கு நடுவே உள்ள பிக் மூஸ் ஏரி.

ஏரிக்கரையில் இருந்த ஓட்டலுக்கு ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் வந்தார்கள். துடுப்புப் படகு ஒன்றை வாடகைக்குக் கேட்டார்கள். ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவன் கையோடு பெட்டி கொண்டு போவதில்லை. ஆனால் அந்த இளைஞன் தன் சூட்கேசையும், அதோடு சேர்த்துக் கட்டியிருந்த டென்னிஸ் மட்டையையும் படகில் ஏற்றிக்கொண்டான்.

இரவாகியும் படகு திரும்பவில்லை. மறுநாள் ஆட்கள் தேடிப் போனார்கள். படகு கவிழ்ந்து கிடந்தது. தண்ணீருக்கு அடியில் பெண்ணின் உடல் கிடைத்தது. முகத்திலும் தலையிலும் காயங்கள் இருந்தன.

இளைஞனும் மூழ்கியிருப்பான் என்று ஏரியைத் துழாவினார்கள். உடல் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அவன் காட்டு வழியே நடந்து, வேறொரு ஏரிக்கரையில் வேறொரு ஓட்டலில் அறை எடுத்துத் தங்கியிருந்தான்!

இறந்தவள் கிரேஸ் பிரவுன், வயது 20. அவளை அழைத்து வந்தவன் செஸ்டர் கில்லட், வயது 22.

முதலாளியின் உறவுக்காரன்

செஸ்டரின் பெற்றோர் இரட்சணிய சேனையில் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று மத ஊழியம் செய்தவர்கள். வீட்டில் பணம் இல்லை. ஆனால் உறவில் பணக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் தயவில் செஸ்டர் ஒரு நல்ல பள்ளியில் சேர்ந்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு பழகினான். படிப்பை முடிக்காமல் வெளியேறி, ரெயில்வேயில் வேலை பார்த்தான்.

அவனுடைய தந்தையின் சகோதரர், கார்ட்லண்ட் என்ற நகரத்தில் பெண்களின் பாவாடை தயாரிக்கும் தொழிற்சாலை நடத்தி வந்தார். 1905-ல் செஸ்டர் அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தான். சரக்கு அறையில் வேலை.

அவனது நிலை விசித்திரமானது. தொழிலாளிகளுக்கு அவன் முதலாளி வீட்டுப் பையன். முதலாளியின் வட்டாரத்துக்கோ அவன் ஓர் ஏழை உறவுக்காரன். அந்த வட்டாரத்து விருந்துகளுக்கு அவ்வப்போது அழைப்பு வந்தது. ஆள் அழகன், இனிக்கப் பேசுவான். ஏணியின் முதல் படியில் கால் வைத்துவிட்டதாகவே அவன் நினைத்தான்.

பின்வாசல் காதல்

கிரேஸ், சவுத் ஒட்செலிக் என்ற கிராமத்து விவசாயியின் மகள். அக்காவின் குடும்பத்தோடு தங்கி வேலை பார்க்கலாம் என்று கார்ட்லண்டுக்கு வந்தவள். அதே தொழிற்சாலையில் அவளுக்கும் வேலை கிடைத்தது.

இருவரும் காதலித்தார்கள். அவள் இருந்த வீட்டுக்கு அவன் இரவில் வந்து போனான். ஆனால் பகலில், நாலு பேர் பார்க்க அவளை எங்கும் அழைத்துப் போனதில்லை. விருந்துக்கும் நடனத்துக்கும் வேறு பெண்களோடு போனான். அவர்கள் வசதி படைத்த வீட்டுப் பெண்கள்.

1906-ம் ஆண்டு வசந்த காலத்தில் கிரேஸ் கர்ப்பமானாள்.

ஜூன் மாதம் அவள் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினாள். அங்கிருந்து அவனுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். சீக்கிரம் வந்து அழைத்துப் போகும்படி கெஞ்சினாள். வராவிட்டால் தானே கார்ட்லண்டுக்கு வந்துவிடுவதாகவும் எழுதினாள். அந்த வரிதான் அவனைக் கலக்கியிருக்க வேண்டும்.

ஜூலை 5-ந் தேதி கடைசிக் கடிதம். பிறந்து வளர்ந்த வீட்டின் ஊற்றடிக்கும் ஆப்பிள் மரத்துக்கும் அவள் ஒவ்வொன்றாக விடை சொல்லியிருந்தாள். அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று நினைப்பதாகவும், ஏற்கனவே பல கஷ்டங்களைச் சுமக்கும் அம்மாவின் மனதை உடைக்கத் தன்னால் முடியாது என்றும் எழுதியிருந்தாள்.

பெட்டியில் இருந்த எழுத்து

செஸ்டர் வந்தான். திருமணம் நடக்கும் என்ற நம்பிக்கையோடு கிரேஸ் புறப்பட்டாள். ரெயிலில் ஊர் விட்டு ஊர் போனார்கள். தங்கிய இடமெல்லாம் அவன் பொய்ப் பெயர் கொடுத்தான். பிக் மூஸ் ஏரி ஓட்டலில் எழுதிய பெயர் 'கார்ல் கிரகாம்'. அவன் கொடுத்த பெயர்களின் முதல் எழுத்துகள் எல்லாம் 'சி.ஜி.' காரணம், அவனுடைய சூட்கேசில் அந்த எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன!

ஆனால் அதே ஓட்டலில் கிரேஸின் பெயரும் ஊரும் உண்மையாகவே எழுதப்பட்டிருந்தன. அதை வைத்து அதிகாரிகள் கார்ட்லண்ட் வரை துப்புத் துலக்கினார்கள். ஜூலை 14-ந் தேதி செஸ்டர் கைதானான். இடைப்பட்ட நாட்களில் அவன் ஒளிந்து திரியவில்லை. சொந்தப் பெயரில் அறை எடுத்து, உல்லாசப் பயணி போல மலையேறப் போயிருந்தான். காட்டில் மறைத்து வைத்த டென்னிஸ் மட்டை பிறகு அகப்பட்டது.

கோர்ட்டில் கண்ணீர்

நவம்பர் மாதம் ஹெர்கிமர் நகரக் கோர்ட்டில் விசாரணை தொடங்கியது. நாடெங்கும் இருந்து பத்திரிகை நிருபர்கள் குவிந்தார்கள்.

"அவளே ஏரியில் குதித்துவிட்டாள்" என்றான் செஸ்டர். மட்டையால் அடித்து ஏரியில் தள்ளினான் என்றது அரசு தரப்பு. நேரில் பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆனால் கிரேஸ் எழுதிய கடிதங்கள் செஸ்டரின் அறையில் அகப்பட்டிருந்தன. அரசு வக்கீல் ஜார்ஜ் வார்டு அவற்றைப் படித்தபோது கோர்ட்டில் இருந்தவர்கள் அழுதார்கள்.

டிசம்பர் 4-ந் தேதி, செஸ்டர் குற்றவாளி என்று ஜூரிகள் முடிவு சொன்னார்கள். அப்பீல் தள்ளுபடி ஆயிற்று. கவர்னர் சார்லஸ் இவான்ஸ் ஹியூஸ் கருணை காட்ட மறுத்தார். 1908-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி ஆபர்ன் சிறையில், மின்சார நாற்காலியில் செஸ்டரின் உயிர் பிரிந்தது. அப்போது அவனுக்கு வயது 24. தண்டனையில் சட்டப்படி தவறு எதுவும் நேரவில்லை என்று மட்டும், அவனுக்குக் கடைசியாக ஆறுதல் சொன்ன பாதிரியார்கள் அறிவித்தார்கள்.

வராத அழைப்பு

தியோடர் டிரைசர் இந்த வழக்கை வைத்து 1925-ல் 'அன் அமெரிக்கன் டிராஜெடி' என்ற நாவலை எழுதினார். 1951-ல் அது 'எ பிளேஸ் இன் தி சன்' என்ற சினிமா படமாக வந்தது. மாண்ட்கோமரி கிளிப்ட், எலிசபெத் டெய்லர், ஷெல்லி விண்டர்ஸ் நடித்தார்கள். 6 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன.

கதையில் கதாநாயகனுக்காக ஒரு பணக்காரப் பெண் காத்திருக்கிறாள். அவளை அடைவதற்காகவே அவன் ஏழைக் காதலியை ஏரிக்கு அழைத்துப் போகிறான்.

உண்மைக் கதையில் அப்படி யாரும் காத்திருக்கவில்லை. பத்திரிகைகள் ஒரு வசதியான வீட்டுப் பெண்ணின் பெயரைச் சேர்த்து எழுதின. ஆனால் தனக்கும் செஸ்டருக்கும் நிச்சயதார்த்தம் எதுவும் இல்லை என்று அந்தப் பெண்ணே மறுத்துவிட்டார். அந்த வட்டாரத்தில் யாரும் அவனுக்குப் பெண் கொடுப்பதாகச் சொல்லவில்லை. யாரும் அவனுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கவில்லை.

இன்னும் தனக்குக் கிடைக்காத இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள, தன்னையே நம்பி வந்தவளை அவன் கொன்றான்.

அவன் உண்மையை முதலாளியிடம் சொல்லியிருந்தால் ஏச்சு கிடைத்திருக்கும். வேலை கூடப் போயிருக்கலாம். உயிர் போயிருக்காது. இருவரில் ஒருவர், ஒரே ஒரு பெரியவரிடம் வாய் திறந்திருந்தால் இரண்டு உயிர்களும் பிழைத்திருக்கும். பிறக்க இருந்த குழந்தையும் பிழைத்திருக்கும்.

வாய் திறக்காததால் ரகசியமாவது காப்பாற்றப்பட்டதா? அதுவும் இல்லை. அம்மா மனம் உடையக்கூடாது என்று கிரேஸ் மறைத்த அந்தச் செய்தி, அவளுடைய கடிதங்களோடு சிறு புத்தகமாக அச்சாகி, கோர்ட்டு வாசலிலேயே கூவி விற்கப்பட்டது.