நான்கு சதுரங்களும் ஒரு தூரிகையும்

புகைப்படத்தை எண்ணெய் வண்ண ஓவியமாக்கும் ஃபில்டர்களில் பெயர்பெற்ற ஒன்று, மருத்துவத் தேவைக்காகப் பிறந்தது. கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்தி எடுக்கும் இதயப் படங்களில் புள்ளிகள் மண்டிக் கிடக்கும். அந்தப் புள்ளிகள் போக வேண்டும், ஆனால் இதய அறையின் விளிம்பு கலங்கக் கூடாது. ஜப்பானிய ஆய்வாளர் மிச்சியோஷி குவஹராவும் சக ஆய்வாளர்களும் இதற்கான வழியை 1976-இல் வெளியிட்டார்கள்.

அதன் கணக்கு எளிது. ஒரு பிக்சலை நடுவில் வைத்து, ஐந்துக்கு ஐந்து பிக்சல் கொண்ட கட்டம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அதற்குள் மூலைக்கு ஒன்றாக, மூன்றுக்கு மூன்று அளவில் நான்கு சதுரங்கள். நடு பிக்சல் நான்குக்கும் பொது. ஒவ்வொரு சதுரத்துக்கும் சராசரி நிறம் என்ன, நிறங்கள் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்க்கிறது. சிதறல் மிகக் குறைந்த சதுரத்தின் சராசரி நிறம் நடு பிக்சலுக்குப் போகிறது. இப்படியே படத்தின் எல்லாப் பிக்சல்களுக்கும். விளிம்பை ஒட்டியிருக்கும் பிக்சல், விளிம்பைத் தாண்டி நீளும் சதுரங்களை விட்டுவிட்டுத் தன் பக்கத்துச் சதுரத்தோடு சேர்ந்துகொள்வதால் விளிம்பு மழுங்குவதில்லை. இடைப்பட்ட பரப்போ ஒரே நிறத் திட்டாகிவிடுகிறது. கட்டத்தைப் பெரிதாக்கினால் அந்தத் திட்டுகள் தூரிகைத் தடம் போலவே தெரியத் தொடங்கும். இலவச மென்பொருளான கிம்ப்பில் உள்ள எண்ணெய் வண்ண ஃபில்டரின் வழி வேறு: சுற்றியுள்ள பிக்சல்களில் எந்தச் சாயல் அதிகம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்.

ஜெர்மனியின் டூபிங்கனில் லியோன் கேட்டிஸ், அலெக்சாண்டர் எக்கர், மத்தியாஸ் பெத்கே மூவரும் 2015-இல் இன்னொரு கதவைத் திறந்தார்கள். ஓர் ஓவியத்தின் நிறத்தையும் இழையமைப்பையும் நரம்பணு வலைப்பின்னல் மூலம் பிரித்தெடுத்து, வேறொரு புகைப்படத்தின் மேல் ஏற்றும் முறை அது. அடுத்த ஆண்டே பிரிஸ்மா செயலி அப்படிப்பட்ட படங்களை எல்லோர் கைப்பேசிக்கும் கொண்டுவந்தது. வியக்கவைக்கும் கணிதம்தான். ஆனாலும் இதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்பவர்களுக்கு நான் பழைய நான்கு சதுரங்களையும் ஒரு தூரிகையையுமே பரிந்துரைப்பேன். இரவல் பாணி வானத்தின் மேலும் முகத்தின் மேலும் ஒரே மாதிரி படிகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை முடிவு செய்யும் இன்பம் நம்மிடமிருந்து போய்விடுகிறது.

ஒரு பூக்கடைப் படத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாள் ஒருவர் மல்லிகை தொடுக்கிறார். பின்னால் சுவரொட்டி, நிறுத்திவைத்த பைக், தொங்கும் பிளாஸ்டிக் பைகள். கேமரா அத்தனையையும் ஒரே அக்கறையோடு பதிவு செய்திருக்கிறது. ஃபில்டரை ஓட்டினால் குவிந்திருக்கும் மொட்டுகள் சேர்ந்து ஒரே வெண்மையாகின்றன. இது நல்லதே, ஓவியரும் மொட்டு மொட்டாக எண்ணி வரைய மாட்டார். ஆனால் நாரைச் சுற்றும் விரல்களும் கூடவே கரைந்துவிடுகின்றன. படமே அந்த விரல்களுக்காகத்தான். சுவரொட்டி எழுத்துகளோ அரைகுறையாகச் சிதைந்து, படிக்கச் சொல்லிக் கண்ணை இழுக்கின்றன.

இங்கேதான் லேயர்கள் உதவுகின்றன. அடியில் பலமாக ஃபில்டர் போட்ட படம், அதன்மேல் லேசாகப் போட்டது. மேல் லேயரில் ஒரு மாஸ்க் இட்டு, விரல்களும் முகமும் தவிர மற்ற இடங்களை மறைத்துவிடலாம். சுவரொட்டியின் மேல் அதன் நிறத்திலேயே அகலமான தூரிகையால் இரண்டு இழுப்பு. பைக்கை நிழலோடு சேர்த்துவிடலாம். கிம்ப்பைப் போலவே இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா மென்பொருளில், இருக்கும் நிறங்களை இழுத்துக் கலக்கும் தூரிகைகள் உண்டு. வடிவத்தின் போக்கிலேயே இழுக்க வேண்டும். கன்னத்தில் வளைவாக, சேலை மடிப்பில் மேலிருந்து கீழாக. மவுஸே போதும் என்றாலும், அழுத்தம் உணரும் பேனா டேப்லெட் இருந்தால் அழுத்தத்துக்கேற்ப தடம் தடிப்பதும் மெலிவதும் கைக்கு வந்துவிடும்.

வேலைக்கு முன் கவனிக்க வேண்டியவை சில. ஃபில்டரின் வீச்சு பிக்சல் கணக்கில் இருப்பதால் பெரிய படத்தில் அதன் விளைவு கண்ணுக்கே தெரியாது. நீள்பக்கம் 2,000 பிக்சல் அளவுக்குச் சுருக்கி ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பலர் கைமாறிச் சுருங்கி வந்த ஜேபெக் படம் வேண்டாம். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அளவு மீறிச் சுருங்கிய படத்தில் அந்தக் கட்டங்களையே ஃபில்டர் தூரிகைத் தடமாக்கிவிடும். கைப்பேசி தானாகக் கூர்மையாக்கிய படங்களில் விளிம்பை ஒட்டி வெளிறிய கோடு ஓடும். அதுவும் தடித்துக்கொண்டு வரும். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டு வெயிலில் எடுத்த படங்களே எனக்கு உகந்தவை. ஒளியும் நிழலும் பெரிய பெரிய பரப்புகளாகப் பிரிந்து நிற்கும்.

இதெல்லாம் குறுக்கு வழி என்று தயங்குபவர்கள் உண்டு. அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈகின்ஸ் 1880-களின் தொடக்கத்தில் தம் புகைப்படங்களைத் திரையில் விழவைத்துக் குறிப்பிட்ட சில ஓவியங்களுக்குக் கோடு எடுத்தவர். ஓவியப் பரப்பில் அவர் கீறிய குறிகளைப் பின்னாளில் ஓவியப் பாதுகாப்பு நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். வெவ்வேறு படங்களிலிருந்து ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்து ஒரே காட்சியாக்கியதில் அவருடைய கலை குறைந்துவிடவில்லை. நம் ஊர் ஸ்டூடியோக்களிலும், கலர் ஃபிலிம் பரவும்வரை, கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டிக் கொடுத்தார்கள். உதட்டுக்கு எந்தச் சிவப்பு, பட்டுக்கரைக்கு எந்த மஞ்சள் என்பதெல்லாம் அந்தக் கைகள் எடுத்த முடிவுகள்.

முடித்த படத்தை அச்சிட நினைத்தால், ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2,480-க்கு 3,508 பிக்சல் தேவை. பின்னொளி உள்ள திரையில் பார்த்ததைவிட அச்சு கறுத்தே வரும். நிழல்களைச் சற்று வெளுப்பாக்கி, மினுமினுப்பில்லாத தாளில் ஒரு சிறு துண்டை மட்டும் முதலில் அச்சிட்டுப் பாருங்கள். அந்தத் துண்டில் விரல்கள் இருக்கட்டும்.