அக்குபஞ்சர்: குத்திக்கொள்வதற்கு முன்னால்

"ஏனுங்க, இந்த முதுகுவலிக்கு அக்குபஞ்சர் பண்ணிக்கலாமுங்களா?"

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் டீக்கடை பெஞ்சில் கேட்ட கேள்வி. நாளெல்லாம் நின்றபடி தறி பார்க்கிறவர். இதைக் கேட்க இந்தப் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. திருப்பூரில் பவர் டேபிளில் குனிந்து தைக்கிறவர்களுக்குக் கழுத்து, கோவை பவுண்டரிகளில் பாரம் தூக்குகிறவர்களுக்கு இடுப்பு, தோட்டத்து வேலை பார்த்த பெரியம்மாக்களுக்கு முழங்கால்.

பண்ணிக்கலாமுங்க. ஆனால் எதற்கு, யாரிடம் என்ற இரண்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் அந்த ஊசியைப் பற்றி. கம்பவுண்டர் போடுகிற ஊசியில் பாதிக் கனம்கூட இருக்காது. பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்தான். துளையும் கிடையாது, மருந்தும் உள்ளே போகாது. உடம்பில் 361 புள்ளிகள், அவற்றை இணைக்கும் பாதைகள், அதில் ஓடும் சக்தி என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. இன்றைய டாக்டர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: குத்தும்போது நரம்புகள் தூண்டப்படுகின்றன, வலியைத் தணிக்கும் பொருள்களை உடம்பே சுரக்கிறது என்று.

வேலை செய்கிறதா? நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து ஜெர்மனியில் ஒரு சோதனை நடத்தி 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு முறைப்படி ஊசி. இன்னொரு பகுதியினருக்கு, புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள். மூன்றாவது பகுதியினருக்கு மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முறைப்படி குத்திக்கொண்டவர்களில் 100-க்கு 48 பேருக்கு நல்ல குணம். வழக்கமான சிகிச்சையில் 27 பேருக்குத்தான். சரி, சும்மா குத்திக்கொண்டார்களே, அவர்களில்? 44 பேர்!

அக்குபஞ்சரை ஆதரிக்கிறவர்கள் இந்த 44-ஐச் சொல்வதில்லை, எதிர்க்கிறவர்கள் அந்த 27-ஐச் சொல்வதில்லை. ஊசியால் வலி குறைவது உண்மை. ஆனால் மயிரிழை தப்பாமல் அந்தப் புள்ளியில்தான் குத்த வேண்டும் என்பதற்கு ஆதாரம் மெலிவு. படுக்கவைத்து, பொறுமையாகக் கேட்டு, அரை மணி நேரம் கவனித்துக்கொள்வதிலும் பாதிக் குணம் இருக்கலாம். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுக் குழுவும் ஒரே பேச்சில் இல்லை. 2016-ல் இடுப்புவலிக்கு அக்குபஞ்சர் தர வேண்டாம் என்றது. 2021-ல், காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்குத் தந்து பார்க்கலாம் என்றது. ஒற்றைத் தலைவலிக்கு அது சொல்லும் அளவு, ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் 10 முறை வரை. என் கணக்கும் அதுதான். கழுத்து, இடுப்பு, முழங்கால், ஒற்றைத் தலைவலி என்றால் முயன்று பாருங்கள். 10 தடவைக்குள் ஒன்றும் தெரியாவிட்டால் 20-வது தடவையில் தெரியப்போவதில்லை.

ஆபத்து எவ்வளவு? அதே ஜெர்மனியில் 2,29,230 பேரைக் கவனித்து 2009-ல் எழுதினார்கள். 100-க்கு 8.6 பேர் ஏதோ தொந்தரவு சொன்னார்கள். பெரும்பாலும் சின்ன ரத்தக்கசிவு, கன்னிப்போன தோல், வலி. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தது இரண்டே பேருக்கு. ஆனால் அங்கே குத்தியவர்கள் எல்லோரும் பயிற்சி பெற்ற டாக்டர்கள். நம்மூரில் சில வாரப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அதே பளபளப்பில்தான் தொங்கும்.

இந்த மருத்துவத்தை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் வங்காளத்து டாக்டர் பிஜய் குமார் பாசு. சீனப் போர்க்களத்துக்கு 1938-ல் போன ஐந்து இந்திய டாக்டர்களில் ஒருவர். மறுபடி சீனா போய்க் கற்றுவந்து 1959 வாக்கில் கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டது. மத்திய அரசு தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது 2019-ல். நம்மூரில் தேடுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு: யோகா, இயற்கை மருத்துவப் பட்டம் படித்த டாக்டர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே அக்குபஞ்சர் இருக்கிறது. என்ன படித்தீர்கள், எங்கே, எத்தனை வருடம் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி புதுசா என்று பாருங்கள். உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். எடுத்த ஊசி, குத்தினால் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். "உங்களுக்குன்னு தனி ஊசி, கழுவி எடுத்து வெச்சிருக்கோம்" என்பது ஏற்கக்கூடிய பதில் இல்லை. மஞ்சள் காமாலை பி கிருமிக்கு ஒரு துளி ரத்தம் தாராளம்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள், மயக்கம் வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கிற முறை ஆகாது. தோள்பட்டை உச்சியிலும் மேல்முதுகிலும் ஆழக் குத்தினால் ஆபத்து, நுரையீரல் பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு மூச்சு வாங்கினாலோ நெஞ்சில் குத்தினாலோ நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

இத்தனைக்கும் எனக்கு ஊசியைவிடப் பயம், ஊசியே இல்லாத இடத்தில்தான். ஒரு விரலால் தொட்டு சிகிச்சை என்கிறார்கள். தொடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. அதோடு சேர்த்து, காய்ச்சல் வந்தால் 'கழிவு நீங்குது', சர்க்கரை என்று ஒரு நோயே இல்லை, மாத்திரையை நிறுத்துங்கள் என்கிறார்களே, அதுதான் ஆளைக் கொல்லும். முதல் வகைச் சர்க்கரை உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் 28 வயது ஆசிரியை ஒருவர் ரத்தப்போக்கில் இறந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் ஒருவரைக் கோவையில் கைது செய்தார்கள். அவை அக்குபஞ்சர் வழக்குகள் அல்ல. ஆனால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதே என்கிற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று கொங்கு நாடு கண்ணால் கண்டது.

ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு மாத்திரைகளைக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம். முதுகுவலியோடு கால் விழுந்துபோனாலோ, சிறுநீர் கழிக்க வராமல் போனாலோ, மறைவிடம் மரத்துப்போனாலோ அன்றைக்கு எந்த ஊசியும் வேண்டாமுங்க. 108-ஐக் கூப்பிடுங்கள்.