துப்பாக்கி இல்லாத அணிவகுப்பு

1928 டிசம்பர். கல்கத்தா பார்க் சர்க்கஸில் மோதிலால் நேரு தலைமையில் காங்கிரஸ் மாநாடு. தொண்டர்கள் ராணுவச் சீருடையில் மிடுக்காக அணிவகுத்தார்கள். அவர்களின் தளபதி சுபாஷ் சந்திர போஸ். லத்திகா கோஷ் தலைமையில் பெண்களும் சீருடையில் நடந்தார்கள்.

தோளில் துப்பாக்கி மட்டும் இல்லை.

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. வெள்ளையர் வெளிப்படையாக ஏந்திய ஆயுதத்தை, உரிமம் இல்லாத மண்ணின் மக்கள் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. 

அத்தொண்டர் படையிலிருந்து உருவானது ‘பெங்கால் வாலண்டியர்ஸ்’. அதைச் சேர்ந்த பினய், பாதல், தினேஷ் மூவரும் 1930 டிசம்பர் 8 அன்று, ஐரோப்பிய உடையில், கல்கத்தா டல்ஹௌசி சதுக்கத்தில் அரசுத் தலைமைச் செயலகமாக இருந்த ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் கைத்துப்பாக்கிகளுடன் நுழைந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டுக் கொன்றார்கள். பாதல் அங்கேயே நஞ்சருந்தி இறந்தார். பினய் ஐந்தாம் நாள் மருத்துவமனையில் உயிர்விட்டார். தினேஷ் 1931 ஜூலை 7 அன்று தூக்கிலிடப்பட்டார். டல்ஹௌசி சதுக்கம் இன்று இவர்கள் பெயரில் பி.பா.தி. பாக்.

1931இல் காங்கிரஸின் கராச்சித் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமையாக அறிவித்தது. விடுதலைக்குப் பின் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையையே வழங்கியது.