கிணத்து மோட்டாரும் பிட்காயின் மிஷினும்

போன மாசம் என் தங்கச்சி மகன் ஊருக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். மேலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மோட்டார் ரூம் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, நமக்கு இலவசக் கரண்டுதானே? இந்த ரூம்ல ஒரு பிட்காயின் மிஷின் வச்சா மாசாமாசம் காசு வரும். ஒங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி" என்றான்.

"யோசிப்போம் மாப்ள" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவனிடமே கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் பலர் இதே யோசனையோடு வரலாம்.

பிட்காயின் 2009-ல் தொடங்கிய கணினிக் காசு. அதற்கு வங்கி கிடையாது, அரசு கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்கிற பேரேடு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதில் ஒரு புதுப் பக்கம் சேரும். அந்தப் பக்கத்தை யார் எழுதுவது என்பதற்குத்தான் போட்டி. ஒரு எண்ணை ஊகித்துப் பிடிக்க வேண்டும். இதில் புத்திசாலித்தனத்துக்கு வேலையில்லை, குலுக்கல் சீட்டு மாதிரிதான். ஒரு மிஷின் நொடிக்குப் பல லட்சம் கோடி தடவை குலுக்கிப் பார்க்கும். ஜெயித்தவருக்குப் பரிசு, 2024 ஏப்ரலிலிருந்து 3.125 பிட்காயின். தோற்றவர்கள் எரித்த கரண்டு எரித்ததுதான்.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். மிஷின் கூடினால் காசு கூடாது. ஏறக்குறைய 2 வாரத்துக்கு ஒருமுறை அந்த ஏற்பாடே குலுக்கலைக் கடினமாக்கிக்கொள்ளும். எத்தனை மிஷின் ஓடினாலும் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான். மொத்தமே 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் வராது.

இது நமக்குப் பழகின கதைதான். பக்கத்துக் காட்டுக்காரர் 300 அடி போர் போட்டார். நம்ம கிணறு வத்திப்போச்சு. நாம 500 அடி போட்டோம். அவர் 700-க்குப் போனார். பூமிக்கடியில் இருக்கிற தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை. கூடினது கடனும் மோட்டாரின் குதிரைத்திறனும்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மிஷின் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். நம்ம 5 எச்.பி. மோட்டாரும் கிட்டத்தட்ட 4 கிலோவாட்தான். ஆனால் வயல் நனைந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுகிறோம். அந்த மிஷின் ராத்திரி பகல் ஓடும். நாளைக்கு 75 யூனிட் ஆச்சு. வீட்டுக்கு 2 மாதத்துக்குக் கிடைக்கிற 100 இலவச யூனிட்டை அது ஒன்றரை நாளில் தின்றுவிடும்.

உலக அளவில் பிட்காயினுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி யூனிட்டுக்கு மேல் செலவாவதாக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்பிடுகிறது. நமக்குக் கிட்டே கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டாலும், பிட்காயினுக்கு மட்டும் 100 கமுதி வேண்டும்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கரண்டுதான் பேரேட்டுக்குக் காவல் என்கிறார்கள். கணக்கைத் திருத்த நினைப்பவன் மற்ற எல்லோரையும் விட அதிகக் கரண்டு எரிக்க வேண்டும், அதனால் திருட்டு கட்டுபடியாகாது. சொந்த நாட்டுப் பணம் மதிப்பிழந்து, வங்கியில் போட்டதை எடுக்க முடியாமல் தவித்த லெபனான் மக்களுக்கு இப்படி ஒரு காசு உதவும் என்பதும் உண்மைதான். மிச்ச மின்சாரத்தைப் பயன்படுத்தலாமே என்றும் கேட்கிறார்கள். பூட்டான் தன் நீர்மின்சாரத்தில் இதைச் செய்கிறது. நம்ம ஊரிலும் காற்று சீசனில் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன காலம் உண்டு.

ஆனால் லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய மிஷினை, காற்றடிக்கிற 5 மாதம் மட்டும் ஓட்டுவாரா ஒருவர்? சீனா 2021-ல் தடை போட்டதும் மிஷின்கள் கஜகஸ்தானுக்குப் போயின. அந்தக் குளிர்காலத்தில் அங்கே மின்தட்டுப்பாடு வந்து, 2022 ஜனவரியில் மிஷின்களுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். இன்னொன்று, எத்தீரியம் என்கிற இரண்டாவது பெரிய கணினிக் காசு 2022 செப்டம்பரில் குலுக்கல் முறையையே விட்டுவிட்டது. பணத்தைப் பிணையாக வைத்தவர்கள் பக்கம் எழுதுகிறார்கள். மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துபோனது. பணக்காரன் கை ஓங்கிவிடும் என்று பிட்காயின்காரர்கள் இதைக் குறை சொல்கிறார்கள். குலுக்கலிலும் நிறைய மிஷின் வாங்கினவன் கைதானே ஓங்குகிறது?

என்னைக் கேட்டால், இதில் நியாயத்தை விட வீண்தான் அதிகம். மாட்டுத்தாவணியில் மல்லிகை விற்ற காசு போனிலேயே வந்து சேருகிறது. அதற்கு இவ்வளவு கரண்டு தேவைப்படவில்லை. வங்கியை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

மோட்டார் ரூம் விஷயத்துக்கு வருகிறேன். விவசாய இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டப்படி குற்றம். அபராதம் வரும், திருட்டு வழக்கும் வரும். சட்டத்தை விடுங்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உழவர்கள் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு காலத்திலிருந்து நடந்த போராட்டங்களின் பலன்தான் 1990-ல் வந்த இலவச மின்சாரம். "விவசாயி கரண்டை வீணாக்குகிறான்" என்று சொல்லக் காத்திருக்கிறவர்களுக்கு நாமே சாட்சி கொடுக்கலாமா?

நம்ம பக்கமும் தப்பு இருக்கிறது. ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். வரப்பு தாண்டி ஓடுகிற தண்ணீரும் எரிந்த கரண்டுதான். மூடாக்குப் போட்ட தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சல் இடைவெளி கூடும். பலதானியம் விதைத்து மடக்கி உழுத மண் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் ஓடும் நேரம் தானாகக் குறையும்.

முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர் கேம்பில் இறங்கும்போது மின்சாரம் தருகிறது. அதன்பிறகும் வைகை வழியாக மேலூர் வரை வந்து நெல்லை விளைவிக்கிறது. நான் மருமகனிடம் போனில் இதைத்தான் சொன்னேன்.

"அப்ப மிஷின் வேணாங்கிறீங்க?" என்றான்.

"எங்க வேணா வையி மாப்ள, கரண்டுக்குக் காசு கட்டி வையி. கிணத்துக் கரண்டு கிணத்துக்குத்தான்."

காசு கட்டினால் கட்டுபடியாகாது மாமா என்று அவனே சிரித்துவிட்டான். லாபம் வந்தாலும் 30 சதவீதம் வரியாம், 2022-லிருந்து. அடுத்த முறை வரும்போது ஆட்டோ ஸ்டார்ட்டருக்கு ஒரு டைமர் மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.