உடல் சிவப்பா, கறுப்பா? வேஷம் கலைந்துவிடும்!

மும்பையில் தமிழர் வீடுகளில் இடம் இருக்கிறதோ இல்லையோ, ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். அதன் இலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால், உடனே துடைத்துவிட வேண்டாம். அது ஒரு புழுவாக இருக்கலாம்!

"காமன் மார்மன்" என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. தமிழில் "கறிவேப்பிலை அழகி" என்பார்கள். பறவைகளை ஏமாற்றவே இந்த எச்ச வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போலச் சிவப்புக் கொம்பு நீளும், நெடி வீசும். கடிக்காது, கொட்டாது.

வால் உண்டு, இல்லை

இது "ஸ்வாலோடெயில்" குடும்பம். இதில் பல இனங்களுக்குப் பின் இறக்கையில் வால் உண்டு. எல்லாவற்றுக்கும் இல்லை. மகாராஷ்டிர அரசு 2015-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த "ப்ளூ மார்மன்" இதே குடும்பம்தான். கறுப்பு இறக்கையில் நீலம் பூசிய அந்தப் பெரிய பூச்சிக்கு வால் கிடையாது.

பெண் போடும் வேஷம்

ஆண் மார்மன் கறுப்பு. பின் இறக்கையில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். பெண்ணில் மூன்று வகை. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் "காமன் ரோஸ்", "கிரிம்சன் ரோஸ்" என்ற வேறு இரு பூச்சிகளைப் போல இருக்கும்.

காரணம் இருக்கிறது. ரோஸ் பூச்சிகள் புழுப் பருவத்தில் ஈசுவரமூலி வகைக் கொடிகளைத் தின்பதால் அவற்றின் உடலில் நஞ்சு. ஒருமுறை தின்று பட்ட பறவை மறுபடி தொடாது. அந்தப் பயத்தில் நஞ்சில்லாத மார்மனும் பிழைக்கிறது! இந்த வேஷத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு என்று 2014-ல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

மனிதன் ஏமாற வேண்டியதில்லை. இறக்கையை விட்டு உடலைப் பார்த்தால் போதும். சிவப்பு உடல் என்றால் ரோஸ்; கறுப்பு உடல் என்றால் மார்மன்.

எங்கே, எப்போது?

போரிவ்லி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் இவற்றைக் காணலாம். மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், வெயில் ஏறும் காலை நேரம் நல்லது. பூவில் தேன் குடிக்கும்போதும் மார்மன் இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும். பொறுமை வேண்டும்.

விடுமுறை கிடைக்காதவர்களுக்குத் தொட்டிச் செடியே பூங்கா. புழு அதிகமானால் எலுமிச்சைச் செடிக்கு மாற்றிவிடலாம்; அதையும் தின்னும். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். புழுவுக்கு அடித்த மருந்து நாளை ரசத்தில் மிதக்கும். நாலு இலை போனால் செடி மறுபடி தழைக்கும்!